புல்லைக் கழுவிக் கொடுத்தவள்

எங்கள் தெருவில் எனக்கொரு பட்டப்பெயர் இருக்கிறது: புல்லுக்கழுவி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முதன்முதலில் காதில் விழுந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அப்படியில்லை. புல்லைக் கழுவித்தான் கொடுத்தேன். அதனால்தான் எங்கள் குதிரை இன்றைக்கு நாலு காலில் நிற்கிறது. அதைச் செய்தவள் நான் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

குதிரை என்னுடைய ஆசை இல்லை. என் கணவர் கட்டாரில் ஒரு பணக்கார வீட்டுக் குதிரை லாயத்தில் பல வருடம் வேலை செய்தவர். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து டிவியும் தங்கமும் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது குதிரைப் பைத்தியம். வந்து கொஞ்ச நாள் ஓட்டோ ஓட்டிப் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. கடைசியில் ஏறாவூரில் மாடு, குதிரை என்று வாங்கி விற்கும், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனைப் பிடித்து, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த பெண்குதிரை ஒன்றை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. லொறியை விட்டு இறங்கியதும் அவள் வீட்டைச் சுற்றியுள்ள வளவை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவுதானா என்கிற பார்வை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிவிட்டாரே இந்த மனிதர் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். ஆகவே நாவற்குடாவில் இருக்கும் என் வளவுக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள்: முதலில் அவர், பிறகு குதிரை. தாய்வழியில் குடி, அதாவது வம்சம், பார்க்கிற ஊர் இது. “குதிரை எந்தக் குடி கா?” என்று தெருவில் பகிடி பண்ணினார்கள். “என்ட வளவுல நிண்டா என்ட குடிதான்” என்று வாயை அடைத்தேன்.

பக்கத்து வளவு என் அக்காவுடையது. அம்மா ஒரே காணியை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாகக் கொடுத்தார். நடுவில் வேலி இருக்கிறது. ஆனால் பின்பக்கம் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடப்பு ஒன்று விட்டிருக்கிறோம். அவளுடைய அடுப்படியிலிருந்து என்னுடைய அடுப்படிக்கு அதுதான் வழி. கறி, தேங்காய்ப்பூ, ஊர்ப் புதினம் எல்லாம் அதற்குள்ளால்தான் போகும், வரும். பழைய மாட்டுக் கொட்டிலைத் திருத்திக் குதிரையைக் கட்டியதும் அந்தக் கடப்புக்குப் பக்கத்தில்தான்.

வார இறுதியில் என் கணவர் கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்துவார். சில கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் கூப்பிடுவார்கள். நல்ல பெயர் வந்தது, குதிரைக்கும் செல்லம் கூடியது. ஏறி இறங்கிய ஒவ்வொரு பிள்ளையும் பிஸ்கட் நீட்டும். ஐஸ்கிறீம் கோனின் அடித்துண்டு அவளுக்கென்றே மிஞ்சும். வீட்டில் தவிட்டுக்குள் சர்க்கரை போடாவிட்டால் முன்காலைத் தூக்கி வாளிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். வாழைப்பழம் கொஞ்சம் கறுத்திருந்தால் தொடமாட்டாள். இவர் பெருமையாகச் சிரிப்பார். “இவ ராசாத்தி” என்பார். ராசாத்திக்கு வாளி கழுவுகிறவள் யார் என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலை அவள் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. முன்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, பாரம் முழுவதையும் பின்னுக்கு வைத்துச் சாய்ந்து நின்றாள். மத்தியான வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நிற்கிறவள் மாதிரி ஒரு காலை எடுப்பாள், மற்றதை எடுப்பாள். குளம்பைத் தொட்டால் இளஞ்சூடு. மிருக வைத்தியர் வந்தார். இளம் வயதுப் பெண். குளம்புக்கு மேலே விரல் வைத்து நாடி பார்த்தார். உடம்பைத் தடவி, கழுத்தில் கொழுப்புத் திரண்டிருந்த இடத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார், “என்னென்ன குடுக்கிறீங்க?”

நாங்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“குளம்புக்குள்ள எலும்ப மெல்லிய சதைதான் பிடிச்சு வச்சிரிக்கு. சீனி கூடினா அது வீங்கும். விட்டுப்போச்செண்டா எலும்பு இறங்கீரும். மறுகா அதால நிக்க ஏலா. நிக்க ஏலாத குதிரைய வச்சிரிக்கவும் ஏலா” என்றார். சுற்றி வளைக்காமல் சொன்ன அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது. என் கணவர் அப்படியே கொட்டில் வாசலில் குந்திவிட்டார். எத்தனையோ பேருடைய குதிரைகளைப் பார்த்த மனிதர், தன்னுடைய ஒன்றுக்கு இப்படி என்றதும் அவளுடைய குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு டொக்டர் சாப்பாட்டைச் சொன்னார். தவிடு இல்லை, குறுனல் அரிசி இல்லை, சர்க்கரை இல்லை, பழம் இல்லை. முற்றிய புல்லை வெயில் ஏறுமுன் அறுத்து, காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். புல்லில் இருக்கும் சீனி தண்ணீரோடு போய்விடுமாம். அதோடு கொழும்பிலிருந்து வரும் ஒரு தாதுப்பொடி, நாளும் தவறாமல். ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்கில் கலக்கலாம்.

“பசி வந்தா பத்தும் பறக்கும், தானாத் தின்னுவா” என்றேன் நான்.

“அப்படி விட்டுராதீங்க அக்கா. பட்டினி கிடந்தாலும் இதுக்குக் கூடாது. ஈரல் பழுதாப்போகும். இததான் தின்ன வைக்கணும்.”

தின்றால் சாவு, தின்னாவிட்டாலும் சாவு. தின்ன வைக்கிற வேலை என் தலையில். கட்டாரில் என் கணவர் செய்தது கழுவுவதும் தேய்ப்பதும்தான். சாப்பாடு அங்கே சாக்கில் கட்டி வந்ததாம். சமையல் என்றால் அது நான். விடியக்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். எத்தனை வாய்க்கு ருசி பார்த்துப் போட்டிருக்கிறேன்.

ஏறாவூர்க் காக்கா விசயம் கேள்விப்பட்டு ஃபோன் எடுத்தார். “தங்கச்சி, அது ரோசமான சாமான். புடிக்காதத வச்சா செத்தாலும் தொடாது. நீங்க தோத்துப் போவீங்க” என்றார். கவலையில்தான் சொன்னார். எனக்கு அது கவலையாகக் கேட்கவில்லை. “நான் தோத்துப் பழக்கமில்ல காக்கா” என்று வைத்துவிட்டேன்.

தெரு முழுக்க ஆலோசனை வந்தது. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: கொள்ளு. குதிரை என்றால் கொள்ளு, கொள்ளு என்றால் குதிரை. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு எண்டு சும்மாவா சொன்னாங்க? இவ கொழுத்துத்தானே கிடக்கா” என்றாள் அக்கா. டொக்டரைக் கேட்டேன். அதிலும் மாப்பொருள் இருக்கிறது, வேண்டாம் என்றார். பழமொழி சொன்னவர் மிருக வைத்தியம் படித்தவர் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

புல்லை இவர் வெல்லாவெளிப் பக்கம் தன் மச்சானுடைய வயல் வட்டை வரம்புகளில் அறுத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டு வருவார். நான் இடியப்பத்துக்கு அரிசி ஊறப்போடும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அதை அமுக்கி ஊறவைப்பேன். ஊற்றும் தண்ணீர் சாயத்தேநீர் நிறத்தில் வரும். அதை மாதுளைக்கு ஊற்றினேன். அதைப் பார்த்தவர்கள்தான் எனக்குப் பெயர் வைத்தவர்கள். மாட்டுக்குப் புல்லைக் கழுவினவர்கள் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. கஞ்சத்தனத்தில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக் கனம் கூட்டுகிறேன் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ராசாத்தி முதல் நாள் ஈரப்புல்லை மணந்து பார்த்துவிட்டு, திரும்பி, தன் பின்பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். இரண்டொரு வாய் தின்பாள், பிறகு வாயைத் துடைப்பது போல் கம்பத்தில் உரசிவிட்டு நிற்பாள். தாதுப்பொடிக்குத் துருப்பிடித்த ஆணியின் மணம். புண்ணாக்கோடு பிசைந்து கொடுத்தேன். புண்ணாக்கை மட்டும் தின்று, பொடியை வாளியின் அடியில் வட்டமாக ஒதுக்கி வைத்திருந்தாள். எப்படிப் பிரித்தெடுத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உருண்டை பிடித்து வாய்க்குள் தள்ளினேன். மென்றாள். நான் சந்தோசப்பட்ட நேரம் பார்த்து முழுவதையும் என் சட்டையில் துப்பினாள். “சனியன்” என்று ஏசினேன். ஏசிக்கொண்டே அழுகையும் வந்தது. அவளுடைய விலா எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் என் கணவர் ஒன்று சொன்னார். “லாயத்துல தின்னாத குதிரைய நல்லாத் தின்னுற குதிரைக்குப் பக்கத்துல கட்டுவம். அது மெல்லுற சத்தம் கேட்டா இதுவும் தின்னும்.” எங்கள் வளவில் இன்னொரு குதிரைக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்தேன். மெல்லுகிற வாய் ஒன்றுதானே வேண்டும்.

அடுத்த நாள் காலை என் பிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக்கில் சொன்ன குரக்கன் பிட்டு, கேழ்வரகு மாவில் அவித்தது, சீனியும் இல்லை, பழமும் இல்லை. அதை நான் ஆசையோடு தின்கிறேன் என்று ஒரு குதிரையை நம்ப வைக்க வேண்டும். சத்தம் வர மென்றேன். அவள் காது என் பக்கம் திரும்பியது. பிறகு தலை. பிறகு கீழே குனிந்து ஒரு வாய் ஈரப்புல் எடுத்தாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். நான் மென்றால் அவளும் மென்றாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி நின்றாள். சிரிக்கட்டும். புல் போய்க்கொண்டிருந்தது.

பொடிக்கு வழி பிறந்ததும் அதே கதிரையில்தான். சீனி வருத்தத்துக்காக நான் வெந்தயம் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிப்பது வழக்கம். கிளாசை நிலத்தில் வைத்துவிட்டுப் பிட்டைக் குழைக்கிறேன், அவள் மூக்கைக் கிளாசுக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். மேல் உதட்டைத் தூக்கி மணம் பிடிக்கிறாள், திரும்பவும் கிளாசைத் தேடுகிறாள். கசக்கிற சாமான். நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குடிக்கிறேன். டொக்டரிடம் கேட்டேன். கொஞ்சமாகக் கொடுத்தால் பிழையில்லை என்றார். ஊறின வெந்தயத்தை அரைத்துப் புண்ணாக்கில் பொடியோடு பிசைந்தேன். வாளியை நக்கித் தேய்த்து, வெறும் வாளியைத் தூக்கி எறிந்தாள். எறிந்தது கோபத்தில் இல்லை, இன்னும் வேண்டும் என்பதற்கு. அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையை யாராவது பார்த்திருந்தால் தேர்தலில் வென்றவள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் குளம்பின் சூடு போகவில்லை.

டொக்டர் திரும்ப வந்து நாடியைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றார். “சீனி இன்னும் எங்கேயோ இருந்து போகுது அக்கா. நீங்க ஏதோ குடுக்கிறீங்க.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. சட்டையில் துப்பல், கையில் வெந்தய நாற்றம், தெருவில் பட்டப்பெயர், இவ்வளவுக்கும் பிறகு நான் களவாகக் கொடுக்கிறேனாம். “நான் பொய் சொல்லுற ஆள் இல்ல டொக்டர்” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “பொய் எண்டு சொல்லல்ல. இப்படியே போனா இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும். நாள் முழுக்க இருந்து பாருங்க, வாய்க்குள்ள என்ன போகுதெண்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்து பார்த்தேன். இடியப்ப வேலையை முடித்துவிட்டு முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டேன். யார் வந்தாலும் கையைத்தான் பார்த்தேன். என் கணவரின் கையையும் பார்த்தேன், அவர் மேல்தான் முதல் சந்தேகம். ஒன்றுமில்லை. சோறு வடிக்கிற நேரம் அக்கா வழக்கம்போலக் கடப்பால் வந்தாள். கையில் வாளி. வழக்கம்போலக் கொட்டிலோரம் இருந்த தொட்டியில் ஊற்றினாள். “நல்ல கொழுகொழு எண்டு இரிக்கு, உப்பும் போட்டிரிக்கன்” என்றாள் வழக்கம்போல. குதிரை தலையை விட்டு உறிஞ்சத் தொடங்கினாள்.

கஞ்சித்தண்ணீர்.

எங்கள் ஊரில் சோறு வடித்த கஞ்சியை யாரும் நிலத்தில் ஊற்றமாட்டார்கள். மாடு நிற்கும் வீட்டுத் தொட்டிக்கு அது போகும். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. எங்கள் பசு நின்ற காலத்திலிருந்தே அக்கா ஊற்றுகிறாள். பசு போன பிறகு குதிரை வந்தது, வாளி நிற்கவில்லை. நானே எத்தனை நாள் அவளுடைய கையிலிருந்து வாங்கி ஊற்றியிருக்கிறேன். டொக்டர் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மறைத்தோம் என்று இல்லை. அது சாப்பாடு என்று எங்களுக்குத் தெரியாது. அது தண்ணீர். புல்லுக்குள் இருந்த சீனியைக் காலையில் கழுவிக் கழுவி ஊற்றினேன். மத்தியானம் அரிசிக்குள் இருந்ததை அக்கா வாளியோடு கொண்டுவந்து ஊற்றினாள்.

நான் எழும்பிப் போய்த் தொட்டியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தேன்.

அக்கா திகைத்துப்போனாள். “என்ன புள்ள உனக்கு விசரா?”

“இனிமே ஊத்தாத அக்கா. இதாலதான் இவ சாகப்போறா.”

“கஞ்சித்தண்ணிதானே புள்ள? தண்ணி. இவ்வளவு நாளும் ஊத்தினன். நானா கொல்லப் பாத்தன்?”

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மாப்பொருள் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகும் என்று டொக்டர் எனக்கு விளக்கியதை அவளுக்கு விளக்கியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. “ஊத்தாத எண்டா ஊத்தாத” என்றேன். அக்கா வெறும் வாளியை எடுத்துக்கொண்டு கடப்பால் போனாள். பின்னேரம் பார்த்தால் கடப்புக்குக் குறுக்கே ஒரு தென்னோலை கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு, என் வாசல் படலைக்கு முன்னால், தெருவழியே, ஊர் பார்க்க, நாலு வீடு தள்ளி மாடு நிற்கும் வீட்டுக்குப் போனாள். பின்பக்கத்தால் போனால் கிட்டத்தான். அந்த வழியால் போகமாட்டாள். நான் இடியப்பம் கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வாள், கோப்பையைக் கழுவித் திருப்பி அனுப்புவாள், ஒரு வார்த்தை வராது. அக்காவும் என் தாயின் வயிற்றில் பிறந்தவள்தானே, ரோசம் எனக்கு மட்டுமா?

அவள் ரோசத்தோடு போன நாட்களில் குளம்பின் சூடு குறைந்தது. முதலில் நம்பாமல் கையைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். காலையில் குளிர்ந்து கிடந்தது, பின்னேரமும் குளிர்ந்து கிடந்தது. சாய்ந்து நின்றவள் நிமிர்ந்து நின்றாள். மழைக்காலம் வந்து, போய், வட்டையில் திரும்பவும் வெள்ளாமை பச்சை பிடிக்கும் வரைக்கும் நான் புல்லைக் கழுவினேன், கதிரையில் இருந்து மென்றேன். டொக்டர் வந்து குளம்பைத் தூக்கிக் காட்டினார். மேலே மயிரோரத்தில் புதுக் குளம்பு ஒரே சீராக, வழுவழு என்று இறங்கி வந்துகொண்டிருந்தது. கீழே பழையது வரிவரியாகக் கோணிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. “இந்தக் கோட்டுக்கு மேல உள்ளது நீங்க குடுத்த சாப்பாடு அக்கா” என்றார். விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவும் நான் வளர்த்தது. நான் பெற்ற பிள்ளைகளிடம் கூட இப்படிக் கைகாட்டிச் சொல்லக்கூடிய ஒன்றும் இல்லை, அவர்கள் தாங்களாகவே வளர்ந்தார்கள்.

மெதுமணலில் நடத்திப் பார்க்கலாம் என்று டொக்டர் அனுமதி தந்தார். கடற்கரைக்குக் கொண்டுபோகும் அன்று கயிற்றை என் கணவர் என்னிடம் தந்தார். “நீ பிடி” என்றார். பிறகு எனக்குப் பின்னால் ஓர் அடி விட்டு நடந்தார். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

தெருவில் எல்லாரும் படலைக்கு வந்து நின்றார்கள். அவள் தலையைத் தூக்கி, ஒவ்வொரு காலையும் உறுதியாக ஊன்றி நடந்தாள். அக்காவும் தன் படலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகம் வேறு பக்கம். எதிர் வீட்டில் அன்றைக்கு ஏதோ விசேசம். அந்த வீட்டுப் பெண் தட்டில் இனிப்புத் தொதலோடு ஓடி வந்தாள். “பாவம், எவ்வளவு நாள் கிடந்து எழும்பியிரிக்கு, வாய்க்கு ருசியா ஒரு துண்டு” என்று நீட்டினாள். குதிரையின் கழுத்து அந்தப் பக்கம் நீண்டது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா படலையைத் தள்ளிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள்.

“எடு கைய. கண்டதையும் அதுக்கு நீட்டாத. அது எங்கட வீட்டுக் குதிரை. நாங்க கஸ்ரப்பட்டு எழுப்பி வச்சிரிக்கம்.”

அக்கா ஒரு பிடி புண்ணாக்குக்கூடப் பிசைந்ததில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து நடந்தேன். அவள் பக்கம் திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், அதைத் தெரு முழுக்கப் பார்த்திருக்கும்.